கனமான ஸ்டாக்: எடையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

சுடுதளத்தில் ஓர் இளைஞர் தன் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்குப் புதிதாக மாட்டிய லேமினேட் ஸ்டாக்கை, அதாவது மரத்தகடுகளை ஒட்டிச் செய்த துப்பாக்கிக் கட்டையைக் காட்டினார். "தூக்கிப் பாருங்கள் அண்ணா, எவ்வளவு கனம்!" என்றார். அடுத்த மூச்சிலேயே, மாட்டியதிலிருந்து குண்டுகள் சிதறுகின்றன, தோட்டாவை மாற்றப் போகிறேன் என்றார். இதையே நானும் ஒரு காலத்தில் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

லாங் ஆக்‌ஷனுக்கு ஷார்ட் ஆக்‌ஷன் ஸ்டாக்கை வாங்குவது போன்ற, அளவே ஒத்துவராத பிழைகளை இங்கே எழுதப் போவதில்லை. அவை மாட்டும்போதே தெரிந்துவிடும்.

கனம் கூடினால் துல்லியம் கூடும் என்ற நம்பிக்கை

கனம் உதைப்பைக் குறைக்கும். அதே தோட்டாவுக்கு, 3.5 கிலோ ரைஃபிள் 5 கிலோ ஆனால் உதைப்பின் ஆற்றல் 30 சதவீதம் குறைகிறது. தோளுக்கு நிம்மதி, சுட்ட பிறகும் இலக்கு ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) விட்டு அதிகம் விலகாது. ஆனால் ஸ்டாக்கில் ரிசீவர் (பேரல் என்னும் குழலும், தோட்டாவை அடைத்துப் பூட்டும் போல்ட்டும் பொருந்தும் உலோக உடல்) உட்காரும் குழி கோணலாக இருந்தால், எத்தனை கிலோ சேர்த்தாலும் அது நிமிராது.

என் பழைய பிளாஸ்டிக் ஸ்டாக்கில் 100 மீட்டரில் ஐந்து குண்டுகள் ஏறத்தாழ 30 மில்லிமீட்டருக்குள் அடங்கும். கனமான ஸ்டாக்கை மாட்டியதும் மேலே மூன்று, கீழே இரண்டு என்று இரு கூட்டங்களாகப் பிரிந்தன. மூன்று வகைத் தோட்டாக்களை மாற்றினேன். ஸ்கோப் வளையங்களை மாற்றினேன். பிறகு ஸ்கோப்பையே மாற்றினேன். பேரலையும் மாற்றத் துணிந்தபோதுதான், துப்பாக்கி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன்.

அவர் என் கதையைக் கேட்கவே இல்லை. ரைஃபிள் காலி என்று பார்த்துவிட்டு, பின்கட்டையைத் தரையில் ஊன்றி நிமிர்த்தினார். ஸ்டாக்கின் முன்முனையும் பேரலும் சேரும் இடத்தில், இரண்டையும் தொடும்படி என் விரலை வைக்கச் சொன்னார். ரிசீவரை ஸ்டாக்கோடு பிணைக்கும் முன்திருகை மெல்லத் தளர்த்தினார். விரலுக்கடியில் பேரல் நகர்ந்தது. இறுக்கினால் திரும்பி வந்தது. ரிசீவரின் வால்பகுதிக்கு அடியில் ஒரு சிறு மேடு. திருகை இறுக்கும்போதெல்லாம் ரிசீவரையே வளைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து அளந்தால், 0.05 மில்லிமீட்டரைத் தாண்டும் அசைவே சந்தேகத்துக்குரியது. என்னுடையது அதைப்போல நான்கு மடங்கு.

மேட்டைச் சுரண்டி எபாக்சியில் பெடிங் செய்ததும் (ரிசீவரின் வடிவத்துக்கே படுக்கை வார்த்ததும்) குண்டுகள் மறுபடி ஒன்றுகூடின. செலவழித்த பணம் மட்டும் திரும்பவில்லை. 'அப்படியே பொருந்தும்' என்ற விளம்பர வரியைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருகுத் துளைகள் நேராக வரும் என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. ரிசீவரைத் தாங்க ஸ்டாக்கின் உள்ளே அலுமினியக் கட்டை இருந்தாலும் இந்த விரல் சோதனையைச் செய்யுங்கள்.

எடை எங்கே இருக்கிறது?

மொத்த எடையைக் கேட்பவர்கள் அது எங்கே குவிந்திருக்கிறது என்று கேட்பதில்லை. பைபாடில் (முன்பக்கம் மாட்டும் இருகால் தாங்கியில்) ஊன்றிப் படுத்துச் சுடுபவருக்குப் பின்கட்டையின் கனம் தொல்லை தராது. நின்று சுடுபவருக்கு அதே கனம் துப்பாக்கியின் வாயை மிதக்கவிடும். முன்பக்கக் கனம் அசைவை அடக்கும், ஆனால் இடது கை சீக்கிரம் சோர்ந்துவிடும். பழைய ஸ்டாக்கில் சமநிலைப் புள்ளி எங்கே இருந்தது என்று குறித்து வைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

திருகின் நீளம்

முன்திருகு நீண்டுவிட்டால் போல்ட்டின் லக்கில் (பூட்டும் புடைப்பில்) இடிக்கும். போல்ட் மூட மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள்.

கன்னம்

ஸ்டாக்கில் கன்னத்தைச் சாய்க்கும்போது கண் ஸ்கோப்பின் உயரத்துக்கு எட்ட வேண்டும். எட்டாத ஸ்டாக் வேண்டாம்.

போட்டியின் எடை வரம்பு

எஃப்-கிளாஸ் என்னும் தொலைதூரச் சுடும் போட்டியின் எஃப்-டிஆர் பிரிவில் 8.25 கிலோ, எஃப்-ஓப்பனில் 10 கிலோ. ஸ்கோப்பையும் பைபாடையும் சேர்த்தே தராசில் வைப்பார்கள்.

அந்த இளைஞரின் ரைஃபிளையும் நிமிர்த்தி வைத்து, அவர் விரலை வைக்கச் சொல்லி முன்திருகைத் தளர்த்தினேன். அவர் முகம் மாறியது. மாற்றிப் பார்க்க வாங்கிவந்த இரண்டு தோட்டாப் பெட்டிகளும் மேசையில் பிரிக்கப்படாமலே இருந்தன.