சர்க்கரைக்கு நடை மட்டும் போதுமா? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

சர்க்கரை இருப்பது தெரிந்ததும் டாக்டர் முதலில் சொல்வது, "தினமும் நடங்க." நடப்பவர்களும் ஏராளம். பூங்காவில் நாலு சுற்று, சுற்றுக்கு ஒரு அரட்டை, திரும்பும் வழியில் டீயும் போண்டாவும். சில மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தால் எண் பெரிதாக இறங்கியிருக்காது. "நடந்தும் ஒன்றும் ஆகவில்லை" என்று அதையும் விட்டுவிடுவார்கள். போண்டாவின் பங்கை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். எப்போது நடக்கிறோம், எவ்வளவு வேகமாக நடக்கிறோம், நடையைத் தவிர தசைக்கு வேறு என்ன வேலை கொடுக்கிறோம் என்பதையெல்லாம் யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை.

டைப் 2 சர்க்கரை உள்ளவர்களுக்கும், 'பார்டர்ல இருக்கு' என்று சொல்லப்பட்டவர்களுக்கும் இந்தச் செய்முறை.

முதலில் கொஞ்சம் காரணம். சாப்பிட்ட சோறு குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் சேர்கிறது. அதில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு நம் தசைதான். கிடங்கின் கதவைத் திறக்க வழக்கமாக இன்சுலின் வேண்டும். டைப் 2 சர்க்கரையில் இன்சுலின் வந்து தட்டினாலும் கதவு சரியாகத் திறப்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரிந்து வேலை செய்யும்போது, இன்சுலின் தயவு இல்லாமலேயே குளுக்கோஸ் உள்ளே போகும். பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை இன்சுலின் நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் அந்தப் பலன் நிற்காது. எனவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பதைவிட, தினமும் கொஞ்ச நேரம் நடப்பது மேல்.

இதற்குச் சென்னையிலேயே ஆதாரம் இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசல்வரை வந்துவிட்ட 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. உணவிலும் உடல் உழைப்பிலும் மாற்றம் செய்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்குச் சுமார் 26 சதவீதம். இது நோய் வருவதற்கு முந்தைய கட்டத்தில் இருந்தவர்களின் கணக்கு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

படி 1: டாக்டரிடம் கேட்க வேண்டியவை

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்ததுண்டு என்றால் இதய டாக்டரைப் பார்க்காமல் எதையும் தொடங்காதீர்கள். சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால் மூச்சை அடக்கி எடை தூக்கக் கூடாது. அதனால் கண் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள்.

அடுத்தது மருந்து. இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்தப் பயம் குறைவு. உங்கள் மாத்திரை எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு வந்தால் உடனே உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை குடியுங்கள். சட்டைப்பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

படி 2: காலைப் பாருங்கள்

பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருப்பவர்களுக்கு முள் குத்தினாலும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது. மூடிய ஷூ, பருத்தி சாக்ஸ் போட்டு நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு எட்டு போட்டு நடப்பது நம் ஊரில் பிரபலம். எட்டு போடுங்கள், தாராளமாக. வெறுங்காலும் கூழாங்கல்லும் மட்டும் உங்களுக்கு வேண்டாம்.

படி 3: சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம்

உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு என்பார்கள். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது அந்த நேரத்தில்தான். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் டைப் 2 சர்க்கரை உள்ள 41 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2016இல் வெளியானது. நாளில் ஏதோ ஒரு நேரம் மொத்தமாக 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வித்தியாசம் 22 சதவீதம்.

எனவே முதல் வாரம் ஒன்றே ஒன்று செய்யுங்கள். இரவு சாப்பிட்டுக் கை கழுவியதும் டிவி முன்னால் உட்காராமல் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். தெருவில் நாய்த் தொல்லை என்றால் மொட்டை மாடி, மழை என்றால் கூடம். வேகம் வேண்டாம். அது பழகியதும் மதியத்துக்கும் காலைக்கும் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 4: வேகத்தைக் கூட்டுவது

நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். முழுப்பாட்டும் பாட முடிந்தால் நீங்கள் உலாத்துகிறீர்கள் என்று அர்த்தம். முதல் ஐந்து நிமிடம் மெதுவாகவும், நடுவில் பத்து நிமிடம் இந்த வேகத்திலும், கடைசி ஐந்து நிமிடம் மறுபடி மெதுவாகவும் நடங்கள். வாரத்துக்கு ஐந்து நிமிடம் நடுப்பகுதியில் கூட்டுங்கள். வாரம் 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. அதற்கு வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

பத்தாயிரம் அடி என்ற கணக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது, மருத்துவக் கணக்கு அல்ல.

படி 5: தசைக்கு வேலை

பலரும் தாண்டிப் போய்விடும் படி இது. என்னைக் கேட்டால், நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு நடையைப் போலவே முக்கியமானதும் இதுதான். முப்பதுகளிலிருந்தே தசை மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகிறது. கிடங்கே சுருங்கினால் சர்க்கரை எங்கே போகும்? நடை மட்டும் அந்தக் குறைவை ஈடுகட்டாது. வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் தனியாகச் சொல்கிறது. ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்குங்கள். கைப்பிடி இல்லாத, நகராத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனதில் மூன்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். மெதுவாக இறங்கும்போதும் தொடைக்கு நல்ல வேலை. எட்டு முறை செய்து, ஒரு நிமிடம் ஓய்ந்து, இன்னொரு எட்டு. எழ முடியாவிட்டால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். சுலபமாகிவிட்டதென்றால் அரைத் தோப்புக்கரணத்துக்கு மாறலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அப்புறம் சுவர்த் தண்டால். சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, உள்ளங்கைகளை நெஞ்சு உயரத்தில் ஊன்றி, உடம்பை வளைக்காமல் முன்னால் போய்த் திரும்புங்கள். இதுவும் எட்டு, எட்டு. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது மூன்றாவது. குக்கர் விசில் வருவதற்குள் பதினைந்து முறை முடிந்துவிடும். நான்காவதாக, இரண்டு துணிப்பைகளில் ஒரு கிலோ அரிசி போட்டு, முழங்கையை மடக்கித் தூக்குங்கள்.

எல்லாவற்றிலும் சிரமப்படும்போது மூச்சை வெளியே விடுங்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். மறுநாள் தொடை வலித்தால் பயப்பட வேண்டாம், இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டில் குத்துவது போன்ற வலி என்றால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். இந்த நான்கையும் திங்கள், வியாழன் என்று இரண்டு நாள் வைத்துக்கொண்டால் போதும்.

படி 6: எழுதி வையுங்கள்

வீட்டில் சுகர் பார்க்கும் மெஷின் இருந்தால், ஒரு நாள் நடக்காமலும் மறுநாள் நடந்தும், அதே இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். யார் சொன்னதையும் நம்ப வேண்டியதில்லை, உங்கள் எண்ணே சொல்லும். மூன்று மாத சராசரியைப் பார்க்கும் பரிசோதனையை அந்தந்த நேரத்தில் செய்யுங்கள். எடை குறையாவிட்டாலும் சோர வேண்டாம். தராசு அசையாமலேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்குவது உண்டு. சர்க்கரை அடிக்கடி 80, 90 என்று வரத் தொடங்கினால், எழுதிய நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். மருந்தின் அளவை அவர் குறைக்க வேண்டியிருக்கலாம்.

காய்ச்சல் வந்தாலோ, சர்க்கரை 250ஐத் தாண்டி உடம்பும் சரியில்லாமல் இருந்தாலோ பயிற்சி வேண்டாம். உடம்பு தேறிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், பாதி நேரம், பாதி எண்ணிக்கை என்று ஒரு வாரம் செய்துவிட்டு, அப்புறம் பழைய அளவுக்கு வாருங்கள்.