பில்ட்-இன் ஓவன் பழுது: வீட்டில் நாம் செய்யும் தவறுகளும் அவற்றைத் தவிர்க்கும் வழியும்

கோவையிலிருந்து அக்கா ஒரு நாள் காலையில் தொலைபேசியில் அழைத்து, சமையலறைச் சுவர் அலமாரியில் பதித்திருந்த மின் ஓவன் சூடாகவே இல்லை என்றும், உள்ளே விளக்கு மட்டும் எரிகிறது என்றும், பார்க்க வந்தவர் கண்ட்ரோல் போர்டு போய்விட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார் என்றும் வருத்தத்தோடு சொன்னார். முந்தைய இரவு மின்தடை இருந்ததா, கடிகாரத்தில் எண்கள் விட்டு விட்டு மின்னுகின்றனவா என்று மட்டும் கேட்டேன். இரண்டுக்கும் ஆம் என்றார். நேரத்தைச் சரியாக அமைத்து, திரையில் கை உருவச் சின்னம் தெரியும்படி செய்ததும் ஓவன் வழக்கம்போலச் சூடேறியது. இன்று விற்பனையாகும் பல ஓவன்கள் மின்சாரம் போய் வந்த பிறகு கடிகாரத்தை அமைக்கும் வரை, சூடு தரும் பாகமான எலிமென்ட்டுக்கு மின்சாரம் அனுப்புவதில்லை. பழைய திருகு வகை டைமர் உள்ளவற்றிலும், திருகு பூச்சியத்தில் நின்றால் சூடு வராது, கைச் சின்னத்திற்குத் திருப்பினால்தான் வரும். திரையில் சாவிச் சின்னம் தெரிந்தால் குழந்தைப் பூட்டு போடப்பட்டிருக்கிறது என்று பொருள். இவற்றைப் பார்க்காமல் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவதுதான் நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் முதல் தவறு.

இரண்டாவது தவறு, ஓவனை மட்டும் சந்தேகித்து, அதற்கு மின்சாரம் வரும் வழியைச் சந்தேகிக்காமல் இருப்பது. 3 கிலோவாட் ஓவன் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். அந்த மின்னோட்டம் ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓடும்போது, 16 ஆம்பியர் சாக்கெட்டின் உள்ளே பிடிமானம் சற்றுத் தளர்ந்திருந்தாலும் அந்த இடம் கொதித்து, பிளக்கின் கால்கள் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக ஓவனை இயக்குவதும், இன்வெர்ட்டர் இணைப்பில் போடுவதும் கூடவே கூடாது. வோல்டேஜையும் மறக்கக் கூடாது. எலிமென்ட் தரும் வெப்பம் வோல்டேஜைத் தன்னால் பெருக்கிய அளவுக்கு ஏற்ப மாறுவதால், 230க்குப் பதில் 190 வோல்ட் வரும் மாலை நேரத்தில் அதே எலிமென்ட் ஏறக்குறைய 68 சதவீத வெப்பத்தைத்தான் தரும். காலையில் 40 நிமிடத்தில் வெந்த கேக் மாலையில் ஒரு மணி நேரமாகியும் வேகவில்லை என்றால், எலிமென்ட்டை மாற்றுவதற்கு முன் ஓவன் ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டின் வோல்டேஜை அளந்து பார்ப்பதுதான் முறை.

ஓவனைத் திறந்தாக வேண்டும் என்று முடிவான பிறகு நேரும் தவறுகள் உயிர் சம்பந்தப்பட்டவை என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் பின்மூடியைக் கழற்றுபவர்கள் ஏராளம். ஆனால் வயரிங் செய்தவர், மின்சாரம் வரும் ஃபேஸ் வயரையும் அது திரும்பும் நியூட்ரல் வயரையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தால், சுவிட்ச் அணைவது நியூட்ரல் வழியில்தான். ஓவன் இயங்காது, ஆனால் எலிமென்ட்டின் முனைகள் வரை ஃபேஸ் வந்து நிற்கும். பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து முழுவதும் பிடுங்குவது ஒன்றே வீட்டில் நம்பக்கூடிய துண்டிப்பு. பிளக் இல்லாமல் நேரடியாக வயர் கொடுத்திருந்தால், மின் பலகையில் ஓவனுக்கான எம்சிபி என்ற தானியங்கிச் சுவிட்சை அணைத்து, யாரும் போட்டுவிடாதபடி அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிட்டு, மல்டிமீட்டரால் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் ஆகிய மூன்றையும் அளக்க வேண்டும். அளப்பதற்கு முன்னும் பின்னும் மின்சாரம் வரும் வேறொரு சாக்கெட்டில் மீட்டரை வைத்து, அது சரியாகக் காட்டுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டெஸ்டரை மட்டும் நம்பக் கூடாது. பகல் வெளிச்சத்தில் அதன் சிறு விளக்கு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம்.

பழுது பார்க்கப் போவது எந்த வகை ஓவன் என்பதிலும் குழப்பம் வேண்டாம். நம் பேச்சில் மைக்ரோவேவையும் ஓவன் என்றே சொல்கிறோம். மைக்ரோவேவ் வசதி உள்ள எந்த பில்ட்-இன் கருவியின் உறையையும் வீட்டில் திறக்கக் கூடாது. அதனுள் இருக்கும் கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவு மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக் கூடும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எதுவும் அதற்குப் பொருந்தாது.

அலமாரியிலிருந்து ஓவனை வெளியே எடுக்கும்போது கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பல ஓவன்களின் எடை 30 கிலோவுக்கும் மேல். கதவைத் திறந்தால் பக்கச் சட்டங்களில் தெரியும் திருகுகளைக் கழற்றுவதற்கு முன்பே கதவைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டால் எடையும் குறையும், கண்ணாடியும் தப்பும். கதவைக் கழற்ற, அதை முழுவதும் திறந்து, இரு கீல்களிலும் உள்ள சிறு கொக்கிகளை மேலே மடக்கிவிட வேண்டும். அதை மறந்து தூக்கினால் கீலின் ஸ்பிரிங் முழு வேகத்தில் சுண்டி விரலை நசுக்கும். பிறகு ஓவன் இருக்கும் அதே உயரத்தில் ஒரு மேசையை ஒட்டிப் போட்டு, இருவர் சேர்ந்து அதன் மேல் இழுத்து வைக்க வேண்டும்.

எலிமென்ட்டைச் சோதிக்கும்போது பலர் இரு முனைகளிலும் வயர் இணைந்திருக்கும் நிலையிலேயே மீட்டரை வைத்துவிடுகிறார்கள். அப்போது மீட்டர் காட்டுவது மற்ற பாகங்களையும் சேர்த்த அளவாக இருக்கலாம். குறைந்தது ஒரு முனையின் வயரையாவது கழற்றிவிட்டு அளக்க வேண்டும். வர வேண்டிய அளவை நாமே கணக்கிடலாம்: வோல்டேஜைத் தன்னால் பெருக்கி வாட்டால் வகுத்தால் ஓம் கிடைக்கும். 1200 வாட் எலிமென்ட்டுக்குச் சுமார் 44 ஓம், 2000 வாட்டுக்குச் சுமார் 26 ஓம். மீட்டர் எதையும் காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. சரியான ஓம் காட்டினாலும் எலிமென்ட் நல்லது என்று உடனே சொல்லிவிட முடியாது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. எலிமென்ட்டின் உலோகக் குழாய்க்குள் நிக்ரோம் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சினால், கம்பியிலிருந்து உறைக்கு மின்சாரம் கசிந்து, மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ட்ரிப் ஆகிவிடும். சாதாரண மல்டிமீட்டர் இந்தக் கசிவைப் பல நேரம் காட்டாது. 500 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும் மெகர் வேண்டும். மழைக்காலம் முழுவதும் பயன்படுத்தாமல் வைத்திருந்த ஓவனில் இந்தப் பிரச்சினை அடிக்கடி வரும். கீழ் எலிமென்ட்டைப் போட்டால் மட்டும் ட்ரிப் ஆகிறது என்றால், உள்ளறை மின்விசிறியைச் சுற்றியுள்ள எலிமென்ட்டில் 100 முதல் 120 டிகிரி வரை வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினால் ஈரம் வெளியேறிப் பல நேரம் சரியாகிவிடும். அப்போதும் ட்ரிப் ஆனால் எலிமென்ட்டை மாற்றத்தான் வேண்டும். ஓவனுக்கு மட்டும் ஆர்சிசிபியைத் தவிர்த்து நேரடி இணைப்பு கொடுப்பதும், எர்த் வயரைக் கழற்றிவிடுவதும் அந்தக் கசிவை, கதவைத் திறக்கும் கையின் வழியாகப் போகச் சொல்வதற்குச் சமம்.

எரிந்த பாகத்தை மாற்றிவிட்டு, அது ஏன் எரிந்தது என்று கேட்காமல் விடுவதை எல்லாவற்றிலும் செலவு மிகுந்த தவறாக நான் கருதுகிறேன். சென்னையில் உறவினர் ஒருவரின் அடுக்குமாடி வீட்டில் ஓவன் 20 நிமிடம் நன்றாக ஓடி நின்றுவிடும். மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காதது போல மீண்டும் ஓடும். இரண்டு முறை போர்டை மாற்றியும் அதே நிலை. நான் போய்ப் பார்த்தபோது, ஓவனின் மேல் பலகைக்கும் கதவுக்கும் இடையிலுள்ள காற்றுத் துவாரத்தின் முன் ஒரு டிஷ்யூ காகிதக் கீற்றைப் பிடித்தேன். அது லேசாகக்கூட அசையவில்லை. வெளியே இழுத்தபோது காரணம் தெரிந்தது. மாடுலர் கிச்சன் செய்த தச்சர், அழகுக்காக அலமாரியின் பின்பக்கத்தையும் அடித்தளத்தையும் பிளைவுட்டால் முழுவதும் அடைத்திருந்தார். பலகையின் உள்விளிம்பு தோசைக்கல்லில் வைத்தது போலப் பழுப்பேறியிருந்தது. குளிரூட்டும் விசிறி வெப்பத்தில் இறுகி நின்றுவிட்டிருந்தது. பக்கத்தில் போட்டிருந்த பிவிசி வயரை விரலால் வளைத்தபோது, அதன் உறை காய்ந்த வற்றலைப் போல ஒடிந்து விழுந்தது. விசிறி ஓடாததால் சூடு ஏறி, பாதுகாப்புக்காக வைத்திருக்கும் தெர்மல் கட்-அவுட் மின்சாரத்தைத் துண்டித்திருக்கிறது. ஆறியதும் தானே சேர்ந்திருக்கிறது. தன் வேலையைச் சரியாகச் செய்த அந்தக் கட்-அவுட்டைக் குறை சொல்வதற்கு எதுவுமே இல்லை. விசிறியை மாற்றி, கையேட்டில் சொன்ன அளவுக்குப் பின்பலகையை வெட்டிக் காற்று வழி விட்ட பிறகு அந்த ஓவன் இன்றுவரை நிற்கவில்லை.

இதே நிலையில் கட்-அவுட்டின் இரு வயர்களையும் முறுக்கி ஒன்றாகச் சேர்த்து 'சரி செய்து' தருபவர்களும் உண்டு. தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். மர அலமாரிக்குள் இருக்கும் கருவி அது. சமைத்து முடித்த உடனே பிளக் சுவிட்சை அணைப்பதும் விசிறிக்குச் செய்யும் கெடுதல்தான். ஓவனை அணைத்த பின்னும் விசிறி சிறிது நேரம் ஓடுவது உள்ளே தேங்கிய வெப்பத்தை வெளியேற்றத்தான். அது தானாக நிற்கும் வரை காத்திருக்க வேண்டும்.

வயர் மாற்றும்போது கையில் கிடைத்த சாதாரண வயரைப் போட்டு, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிடுவது இன்னொரு வழக்கம். சாதாரண பிவிசி உறை 70 டிகிரிக்கு மேல் தாங்காது. டேப்பின் பசை உருகி வழிந்துவிடும். ஓவனுக்குள் சிலிக்கான் அல்லது கண்ணாடி இழை உறையுள்ள வயரையும், வயர் முனையில் நன்றாக நசுக்கிப் பொருத்திய லக் என்ற உலோக இணைப்பானையும்தான் பயன்படுத்த வேண்டும். கறுத்த லக்கை உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பச் செருகினால் சில வாரங்களில் அதே இடம் மீண்டும் எரியும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளறையின் மின்விசிறியைக் கழற்ற முடியாமல் நட்டின் மரையை அழித்துவிடுவதும் சகஜம். பல ஓவன்களில் அந்த நட்டு இடது மரை கொண்டது, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.

சூட்டின் அளவைப் பற்றிய புகார்களில் பல, அவசரமாக அளப்பதால் வருகின்றன. பீப் ஒலி வந்தவுடன் தெர்மாமீட்டரைப் பார்த்து, 180 வைத்தால் 200 காட்டுகிறது என்று, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிடுகிறார்கள். ஓவன் ஒரே வெப்பநிலையில் நிற்பதில்லை. எலிமென்ட் எரிந்து அணையும்தோறும் வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டேயிருக்கும். தெர்மாமீட்டரை நடுத்தட்டின் நடுவில் வைத்து, கதவைத் திறக்காமல் 30 நிமிடம் விட்டு, பிறகு சில முறை குறித்துச் சராசரி பார்க்க வேண்டும். எப்போதும் 10 டிகிரி குறைகிறது என்றால், 10 டிகிரி கூட்டி வைத்துக்கொள்வதே போதும். பெரிய வேறுபாடு இருந்தால், தெர்மோஸ்டாட்டின் மெல்லிய செம்புக் குழாயின் நுனி தன் கிளிப்பிலிருந்து நழுவிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். மின்னணு சென்சார் பிடி1000 வகையாக இருந்தால் 30 டிகிரி அறை வெப்பத்தில் சுமார் 1117 ஓம் காட்ட வேண்டும்.

கதவின் ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. பல மாடல்களில் அது மூன்று பக்கம் மட்டுமே இருக்கும்; கீழ்ப்பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்து, விழுந்துவிட்டது என்று எண்ணி வேறு எதையாவது ஒட்டி அடைக்கக் கூடாது. உள் விளக்குக்கு 300 டிகிரி தாங்கும் என்று குறிப்பிட்ட ஓவன் விளக்கையே வாங்க வேண்டும். சாதாரண எல்இடி உருகிவிடும். கண்ணாடியைக் கத்தியால் சுரண்ட வேண்டாம். அடித்தளத்தில் அலுமினியத் தாளை விரித்தால், கீழிருந்து வரும் வெப்பம் தடைபட்டு எனாமல் பூச்சு கெட்டுவிடும்.

அணைத்த பிறகும் ஓவன் தானே சூடேறிக்கொண்டிருந்தால், எலிமென்ட்டுக்கு மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும், போர்டிலுள்ள ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடும். உடனே எம்சிபியை அணைத்துவிட்டு, பழுது பார்க்கத் தெரிந்தவர் வரும் வரை போடாதீர்கள்.

வேலை முடிந்ததும் பின்மூடியை மாட்டி, ஓவனின் உலோக உடலுக்கும் பிளக்கின் எர்த் காலுக்கும் இடையில் மீட்டர் 1 ஓமுக்குக் குறைவாகக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே அலமாரிக்குள் தள்ளுங்கள். பிறகு 180 டிகிரியில் ஒரு மணி நேரம் வெறுமனே ஓட்டி, காற்றுத் துவாரத்தில் விசிறிக் காற்று வருகிறதா என்று கையை நீட்டிப் பாருங்கள். ஓவனை அணைத்து, விசிறி நின்ற கையோடு சுவிட்சையும் அணைத்துவிட்டு, பிளக்கின் வெளியுறையைத் தொட்டுப் பாருங்கள். இலேசான வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாமல் சுட்டால், அந்தச் சாக்கெட்டை மாற்றும் வரை ஓவனை மீண்டும் போட வேண்டாம்.