‘கிட்னி வீக்’ என்று சீன மருத்துவம் சொன்னால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்தி இடுப்பு வலிக்கு அக்குபஞ்சர் பார்க்கப் போனார். நாடி பிடித்தவர் சொன்னதைக் கேட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. “கிட்னி வீக்கா இருக்குன்னு சொல்லிட்டாங்க கண்ணு, டயாலிசிஸ் வரைக்கும் போயிடுமா?” என்று விடிந்ததும் போன். ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவு 0.8. ஒரு குறையும் இல்லை.

அப்படியென்றால் நாடி பார்த்தவர் பொய் சொன்னாரா? இல்லை. அவர் சொன்னது வேறு சிறுநீரகத்தை. சீன மருத்துவத்தில் ‘ஷென்’ என்பதைத்தான் நாம் சிறுநீரகம் என்கிறோம். நீரை ஆள்வது அதன் வேலைகளில் ஒன்றுதான். பெற்றோர் வழியாக வரும் ‘ஜிங்’ என்ற உயிர்ச்சாரத்தைச் சேமிப்பது, எலும்பையும் மஜ்ஜையையும் வளர்ப்பது, காது கேட்பது, முடி கருமையாக இருப்பது எல்லாமே ஷென் கணக்கு. பயம் என்ற உணர்ச்சியும் அதைச் சேர்ந்ததே. ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ என்ற பழைய நூல் பெண்ணின் வாழ்வை ஏழேழு ஆண்டாகப் பிரிக்கிறது: 7 வயதில் பல் விழுந்து முளைக்கும், 14-ல் பூப்பு, 49-ல் மாதவிலக்கு நிற்கும். ஆணுக்கு எட்டெட்டு ஆண்டு. இந்த வளர்ச்சி, தளர்ச்சி இரண்டுக்கும் ஷென்தான் பொறுப்பு. சித்திக்கு வயது 56. இடுப்பு வலி, முழங்கால் வலி, காதில் இரைச்சல். அந்த மருத்துவத்தின் மொழியில் இதற்குப் பெயர் ஷென் பலவீனம்.

இதைக் கேட்டுச் சிறுநீரக நோய் வந்துவிட்டதென்று பயப்படுவது முதல் தவறு. இதைவிடப் பெரிய தவறு, இதையே திருப்பிப் போடுவது. “நாடியில் கிட்னி நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க” என்று சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சிறுநீரக நோய் ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். சிறுநீரில் புரதம் போகிறதா என்பதை ஆய்வகம்தான் சொல்லும்.

அப்புறம், ‘சிறுநீரகத்துக்கு நல்லது’ என்று இணையத்தில் மாத்திரை வாங்குவது. ஷென்னிலேயே யின் (குளிர்ச்சி), யாங் (சூடு) என இரண்டு உண்டு. இடுப்பும் காலும் சில்லிட்டு, ராத்திரியில் அடிக்கடி சிறுநீர் போனால் யாங் குறைவு. உள்ளங்கை, உள்ளங்கால் எரிந்து, தூக்கத்தில் வியர்த்தால் யின் குறைவு. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு ஆகாது. சீனாவின் ஹான் அரச காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங்கின் எட்டு சரக்கு மாத்திரையிலிருந்து சூடு தரும் இரண்டு சரக்கை நீக்கி, குழந்தைகளுக்காக ‘லியு வெய் தி ஹுவாங்’ என்ற ஆறு சரக்கு மருந்தாக்கினார் பின்னால் வந்த சோங் அரச காலத்து மருத்துவர் சியன் யி. யின் குறைவுக்கான அந்த மருந்தைத்தான் இன்று பலர் பொதுவான சத்து மாத்திரை போல விழுங்குகிறார்கள். நீக்கப்பட்ட இரண்டில் ஒன்று நம் வசநாவியின் இனம். சரியாகச் சுத்தி செய்யாவிட்டால் விஷம்.

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்பவர்கள் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அங்கே உடல் இளைக்க மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்தது. 1993-ல் மருத்துவர்கள் அதை வெளியிட்டார்கள். ‘ஹான் ஃபாங் ஜி’ என்ற வேர் இருக்க வேண்டிய இடத்தில் ‘குவாங் ஃபாங் ஜி’ வந்திருந்தது. பெயரில் ஓர் அசை வித்தியாசம், ஆனால் இரண்டாவதில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 100 பேருக்கு மேல். பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டியிருந்தது. பிறகு சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் குவாங் ஃபாங் ஜியின் அதே தாவரப் பேரினம்தான். அவற்றையும் யாரோ சொன்னார்கள் என்று குடித்துவிடாதீர்கள்.

சித்தி ஊசி சிகிச்சையைத் தொடர்கிறார், இடுப்புக்கு இதமாக இருக்கிறதாம். கூடவே ஒரு பொடிப் பொட்டலமும் கொடுத்திருந்தார்கள். அதில் என்னென்ன சரக்கு என்று கேட்டோம். பதில் வரவில்லை. பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.