பிசியோதெரபி செலவைக் காப்பீட்டில் கேட்டு வாங்கும் முறை

அம்மாவுக்கு முதலில் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரி பில் கேஷ்லெஸ்ஸில், அதாவது காப்பீட்டு நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டும் முறையில், போய்விட்டது. அதன்பிறகு வீட்டுக்கு வந்து காலை மடக்கி நீட்டப் பயிற்சி கொடுத்த பிசியோவுக்கு, ஒரு வருகைக்கு 500 ரூபாய் வீதம் 24 நாளுக்கு 12,000 ரூபாய் கொடுத்தோம். காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டபோது ஒரு ரூபாய்கூட வரவில்லை. மறுவருடம் இடது முழங்கால். அதே பிசியோ, அதே 12,000. இம்முறை 11,400 ரூபாய் வந்தது. அம்மாவுடையது ஆரோக்ய சஞ்சீவனி பாலிசி. அதில் 5 சதவீதம் நம் பங்கு.

இரண்டுக்கும் நடுவில் மாறியது காகிதங்கள் மட்டும்தான்.

சாதாரணப் பாலிசி, ஆஸ்பத்திரியில் படுத்து எடுக்கும் சிகிச்சைக்குத்தான். கழுத்து வலிக்காகக் கிளினிக்குக்கு நடந்து போய் வந்தால் அது ஓ.பி. செலவு, அதற்கென்று தனியாக ஓ.பி. கவர் எடுத்திருந்தால்தான் கிடைக்கும். ஆனால் டிஸ்சார்ஜுக்குப் பிறகு அதே நோய்க்காகச் செய்யும் செலவுக்கு ஒரு கால அளவு தருவார்கள். ஆரோக்ய சஞ்சீவனியில் 60 நாள். சில பாலிசிகளில் 90, 180 நாள்கூட உண்டு. மூட்டுக்கு 60 நாள் எங்களுக்குப் போதுமாக இருந்தது. பக்கவாதம் என்றால் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அதனால் பெற்றோருக்குப் பாலிசி எடுக்கும்போது இந்த எண்ணைக் கட்டாயம் பாருங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று வார்டை விட்டு இறங்குவதற்கு முன் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்: எந்தக் காலுக்கு, தினமுமா, எத்தனை வாரம், வீட்டிலேயேவா. முதல் தடவை அவர் வாயால் சொன்னதோடு நாங்கள் கிளம்பிவிட்டோம். பில்லும் நோட்டுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதுதான். இரண்டாம் தடவை பில் எண், பிசியோவின் படிப்பு, பதிவு எண், அம்மாவின் பெயர், வந்த தேதிகள் எல்லாம் இருக்கும்படி கேட்டு வாங்கினேன். பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். கையில் கொடுத்தால் ரசீதை மறக்காதீர்கள்.

இந்தச் செலவை நாம் முதலில் கட்டிவிட்டுப் பிறகுதான் கேட்க வேண்டும். கிளைம் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி நகல், டாக்டர் சீட்டு, பில்கள், ரத்து செய்த காசோலை, பழைய கேஷ்லெஸ் கிளைம் எண் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். எங்கள் பாலிசியில் சிகிச்சை முடிந்து 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

காப்பீடே இல்லாதவர்கள், அல்லது நாள் கணக்கு முடிந்துபோனவர்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பிசியோதெரபி கொடுக்கிறார்கள். எங்கள் தெருவில் பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு பெரியவருக்கு அப்படித்தான் வந்தார்கள்.