கண்ணாடி மேல் கண்ணாடி: பசை வெளுத்த கதையும் சிலிக்கோனும்

ஜன்னலில் தொங்கவிட ஒரு மொசைக் பலகை செய்தேன், அடியில் 4 மி.மீ. கண்ணாடி, மேலே ஒளி ஊடுருவும் வண்ணத் துண்டுகள். காய்ந்தால் தெளிவாகிவிடும் என்று சொல்லி விற்கும் வெள்ளைப் பசையால்தான் ஒட்டினேன். சின்னத் துண்டுகள் பளிச்சென்று வந்தன, பெரியவற்றின் நடுவில் மட்டும் பால் போன்ற வெண்மை போகவே இல்லை. அந்தப் பசை தண்ணீர் ஆவியானால்தான் காயும். இரண்டு பக்கமும் கண்ணாடி என்றால் ஈரம் எங்கே போகும்?

எபாக்ஸி, அதாவது இரண்டு திரவங்களைக் கலந்து ஒட்டும் பசை, பலமானதுதான், ஆனால் வெயில் பட்டால் பெரும்பாலும் மஞ்சளாகும், ஜன்னலுக்கு வேண்டாம். புற ஊதா ஒளியில் இறுகும் பசை கண்ணாடிபோல் தெளிவு, ஆனால் சிவப்பு, ஆரஞ்சுத் துண்டுகள் அந்த ஒளியைப் பெரிதும் தடுத்துவிடும்.

கடைசியில் நிறமற்ற சிலிக்கோன் பசைதான் கைகொடுத்தது. பழைய துண்டுகளை ஊறவைத்துப் பெயர்த்து, கண்ணாடியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தேன், விரல் எண்ணெய் இருந்தால் பிடிக்காது. துண்டின் நடுவில் மட்டும் ஒரு பொட்டு வைத்து மெதுவாக அழுத்துங்கள், பசை ஓரம் நோக்கிப் பரவும்போது காற்றையும் தள்ளிக்கொண்டு போகும், குமிழி நிற்காது. இதுவும் காற்றின் ஈரத்தை வாங்கி ஓரத்திலிருந்துதான் இறுகும், அதனால் பெரிய துண்டுகளுக்குச் சில நாள் பொறுமை வேண்டும். அப்புறம் இடைவெளியில் பிதுங்கியதை பிளேடால் சுத்தமாக எடுத்துவிடுங்கள், சிலிக்கோன் மேல் கிரவுட் (துண்டுகளுக்கு இடையே நிரப்பும் சாந்து) ஒட்டாது. கிரவுட் கறுப்பாக இருக்கட்டும், வெளிச்சத்தில் நிறங்கள் அப்படி எழுந்து நிற்கும்!