பழைய ஷாட்கன் முனையில அட்ஜஸ்டபிள் சோக் இருந்தா எப்படி செட் பண்றது?

செகண்ட் ஹேண்ட்ல வாங்குன பழைய ஷாட்கன்னோட பேரல் முனையில உருண்டையா ஒரு குமிழ் மாதிரி இருந்து, அதுல எழுத்தும் கோடும் போட்டிருந்தா அது அனேகமா பாலி-சோக். சோக்னா சுடும்போது குண்டு எவ்ளோ பரவணும்னு முடிவு பண்ண பேரல் முனையைக் குறுக்குற அமைப்பு, இதுல அந்த இறுக்கத்தை திருப்பி மாத்திக்கலாம். 1920கள்ல அமெரிக்காவுல வந்த ஐட்டம், ஒரு காலத்துல செம ஹிட்டு. இப்ப பாதி பேருக்கு அது என்னன்னே தெரியாது.

முதல் ஸ்டெப், கன் காலியான்னு பாருங்க. சேம்பர் (சுடுறதுக்கு தோட்டா உக்காருற இடம்), மேகசின் (மத்த தோட்டாவை அடுக்குற இடம்) ரெண்டையும் கண்ணால பாத்து, விரலை விட்டும் தடவிப் பாத்துக்கோங்க. பேரல் முனையில கை வைக்கப் போற வேலை, அதனால இதுல அலட்சியமே கூடாது.

ரெண்டாவது, என்ன டைப்னு பாருங்க. குமிழைத் திருப்பினா உள்ள நீளவாக்குல வெட்டுன விரல் மாதிரி பட்டைகள் சேர்ந்து இறுகும், ட்ரில் மெஷின் சக் எப்படி பிட்டை இறுக்குமோ அதே டெக்னிக். அப்படி இல்லாம, பக்கவாட்டுல துவாரம் துவாரமா ஒரு கூண்டும் அதோட முனையில கழட்டி மாட்டுற ட்யூபும் இருந்தா அது கட்ஸ் காம்பென்சேட்டர், லைமன் கம்பெனி வித்தது. அதுல திருப்புற வேலை கிடையாது, ட்யூபை மாத்தணும்.

மூணாவது க்ளீனிங். பல பேர் இதை விட்டுடுறாங்க, ஆனா பாதி பிரச்சனை இங்கதான். அந்தப் பட்டைகளுக்கு நடுவுல கரி, பிளாஸ்டிக் வாட் (தோட்டாவுக்குள்ள வெடிமருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல இருக்கிற அடைப்பு) உருகின பிசிறு எல்லாம் போய் அடைஞ்சு குமிழ் இறுகிப் போயிருக்கும், உடனே ப்ளையர் போட்டு முறுக்காதீங்க, சால்வென்ட் (கரியைக் கரைக்கிற திரவம்) ஊத்தி ஒரு ராத்திரி ஊற விட்டு ப்ரஷ் போட்டு எடுத்தா பெரும்பாலும் கையாலயே திரும்பும். பட்டையில விரிசல் தெரிஞ்சா சுடவே வேணாம், நேரா கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) கிட்ட போங்க.

இப்ப செட்டிங். 12 கேஜ்ங்கிற சைஸ் ஷாட்கன்ல பேரல் துளை 0.729 இன்ச். சோக் இறுக்கத்துக்கு லேசுல இருந்து அதிகம் வரை தனித்தனி பேரு இருக்கு. இம்ப்ரூவ்டு சிலிண்டர்னா முனையில சுமார் 0.010 இன்ச் குறுகும், மாடிஃபைடுனா 0.020, ஃபுல்னா 0.035 பக்கம். கிட்டத்து டார்கெட்டுக்கு திறந்து வைங்க, தூரத்துக்கு இறுக்குங்க, அவ்ளோதான்.

ஆனா குமிழ்ல போட்டிருக்கிற எழுத்தை அப்படியே நம்பாதீங்க. 40 கெஜத்துல பெரிய பேப்பர் வச்சு ஒரு தோட்டா சுடுங்க, குண்டு அடர்த்தியா விழுந்த இடத்தை நடுவா வச்சு 30 இன்ச் வட்டம் போட்டு ஓட்டைய எண்ணுங்க. ஒரு அவுன்ஸ் 7½ நம்பர் (இது குண்டோட சைஸ்) தோட்டாவுல சுமார் 350 குண்டு இருக்கும், வட்டத்துக்குள்ள 245 விழுந்தா 70 சதவீதம், அதுதான் ஃபுல். 210ன்னா மாடிஃபைடு, 175ன்னா இம்ப்ரூவ்டு சிலிண்டர். ஒரே ஒரு ஷாட்டை வச்சு முடிவு பண்ணாதீங்க, ஒவ்வொரு செட்டிங்குக்கும் நாலஞ்சு பேப்பராவது அடிச்சு சராசரி எடுங்க. போர் அடிக்கும், பரவால்ல, பொறுமையா எண்ணுங்க.

ஸ்டீல் குண்டா? அது ஈயம் மாதிரி நசுங்காது, இறுக்கி வச்ச சோக்ல போட்டா பட்டைக்கு ஆபத்து. திறந்து வைங்க, பழைய மாடல்னா கன்ஸ்மித்தைக் கேக்காம போடவே வேணாம்.

இவ்ளோ வசதியா இருந்தும் ஏன் மவுசு போச்சு? திருகி மாட்டுற சோக் ட்யூப்தான் காரணம். வின்செஸ்டர் 1960கள் கடைசியில வின்சோக் கொண்டு வந்துச்சு, ரெமிங்டன் 1986ல ரெம் சோக் விட்டுச்சு, அப்புறம் ஃபேக்டரியிலயே பெரும்பாலான பேரல் மரை போட்டு வர ஆரம்பிச்சதும் தனியா குமிழ் மாட்ட யாருக்கும் தேவையே இல்லாம போச்சு. 1991ல அமெரிக்கா முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டைத் தடை பண்ணி ஸ்டீல் வந்தது இன்னொரு அடி. அப்புறம் அந்தக் குமிழ், நேராவே சொல்றேன், பாக்க சகிக்காது, முனையில எடையும் கூடும்.

அதுக்காக கழட்டி எறிஞ்சிடாதீங்க. இதை மாட்டும்போது பெரும்பாலும் பேரல் முனைய வெட்டித்தான் மாட்டியிருப்பாங்க, அதனால எடுத்துட்டா அடியில சோக்கே இல்லாத குட்டைப் பேரல்தான் மிஞ்சும். அமெரிக்காவுல 18 இன்ச்சுக்குக் கீழ போனா சட்டச் சிக்கல் வேற. பேரல் சுவர் போதுமான தடிமன் இருந்தா கன்ஸ்மித் உள்ள மரை வெட்டி ட்யூப் மாட்டித் தருவார், இல்லேன்னா சேர்த்து வைக்கிற பேப்பர் கணக்கை வச்சு இதுலயே சுட்டுக்கலாம்.