நாய், பூனை, செம்மண் புழுதி: வன்னி வீட்டுக்கு நின்றுபிடிக்கிற வக்கூம் கிளீனர் எடுப்பது எப்படி?

எங்கள் வீடு மாங்குளத்துக்குக் கிட்ட, ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகும் கிறவல் ஒழுங்கையில் இருக்கிறது. ஒரு நாய், இரண்டு பூனை, தொய்வுள்ள அம்மா. தும்புத்தடியால் கூட்டினால் முடியெல்லாம் எழும்பிப் பறக்கும், அன்றிரவு அம்மாவுக்கு இழுக்கும். அதனால்தான் வக்கூம் வாங்கினோம். முதல் மிசின் எட்டு மாதத்தில் எரிந்துபோனது. இரண்டாவது இப்போது நான்காவது வருடமாக ஓடுகிறது.

முதலில் தரையைப் பாருங்கள்

சீமெந்துத் தரை, ரைல்ஸ் என்றால் சுழலும் பிரஷ் வைத்த தலை தேவையில்லை. அது முடியை உருளையில் சுற்றிக்கொள்ளும், மிச்சத்தைப் பக்கத்துக்குச் சிதறடிக்கும். தட்டையான சாதாரண தலையே போதும். துணிச் செற்றி, மெத்தை இருந்தால் மட்டும் காற்றால் சுழலும் சின்னத் தலை ஒன்று மிசினோடு வருகிறதா என்று பாருங்கள். ஈரமான றப்பர் கையுறையால் செற்றியைத் தடவி, திரளும் முடியை உறிஞ்சினாலும் வேலை முடியும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

வொட்ஸைப் பார்த்து ஏமாற வேண்டாம்

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 2000 வொட்ஸ் என்பது மிசின் இழுக்கும் கறண்ட், உறிஞ்சும் பலம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டெம்பரிலிருந்து வீட்டு வக்கூமுக்கு 900 வொட்ஸுக்கு மேல் விடுவதில்லை. அங்கே வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. அதே விதியில் ஹோஸ் 40,000 தடவை வளைத்த பிறகும் பாவிக்கக்கூடியதாக இருக்கவேண்டும், மோட்டார் குறைந்தது 500 மணித்தியாலம் ஓடவேண்டும் என்றும் இருக்கிறது. வாரம் இரண்டு மணித்தியாலம் ஓட்டினால் 500 மணித்தியாலம் நாலரை வருடத்துக்கு மேல் வரும். அதற்குக் குறைவாக உழைக்கும் மிசினை நல்லது என்று நான் சொல்லமாட்டேன்.

கடைக்குப் போகும்போது ஒரு பையில் நாய் முடியும் ஒரு பிடி செம்மண்ணும் கொண்டுபோங்கள். தரையில் கொட்டி உறிஞ்சிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

பில்டர்: நான் விழுந்த இடம் இதுதான்

முதல் மிசின் உள்ளே தூசிப் பை இல்லாதது. கண்ணாடிபோன்ற கிண்ணத்துக்குள் தூசி சுழல்வதைப் பார்க்க ஆசையாக இருந்தது. முடியை அது நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் சோளகக் காற்றுக் காலத்தில் எங்கள் வீட்டுக்குள் வரும் செம்மண் புழுதி மாவைவிட மென்மை. அது கிண்ணத்தில் தங்காமல் நேரே பில்டரில் போய் அப்பிக்கொண்டது. இரண்டு கிழமைக்கொரு தடவை கழுவினேன். மாரி தொடங்கியபோது பில்டர் காயவில்லை. தொட்டுப் பார்க்க உலர்ந்ததுபோல இருந்தது, போட்டு ஓட்டினேன். ஊத்தை மணம் வந்தது, மோட்டார் சூடாகித் தானே நின்றது. ஆறிய பிறகு திரும்ப ஓட்டினேன். இப்படி நாலைந்து தடவை. கடைசியில் திருத்துபவர் கழற்றிக் காட்டியபோது மோட்டாரைச் சுற்றிச் சிவப்புச் சேறு.

நடந்தது இதுதான். பெரும்பாலான உலர் மிசின்களில் உறிஞ்சிய காற்றே மோட்டாரையும் குளிரவைக்கிறது. பில்டர் அடைத்தால் காற்றுக் குறையும், காற்றுக் குறைந்தால் மோட்டார் வேகும். ஈரத்தையும் உறிஞ்சும், வாளிபோன்ற டிரம் மிசின்களில் பொதுவாக மோட்டாரைக் குளிர்விக்கத் தனிக் காற்றுவழி இருக்கும். எங்கள் மண்ணுக்கு அதுதான் சரி. ஆகவே என் தெரிவு: டிரம் மிசின், உள்ளே பை, பில்டர் இரண்டு. ஒன்று மிசினில், மற்றது நிழலில் முழுதாக ஒரு நாள் காய்வதற்கு.

பை வேண்டும் என்று நான் நிற்பதற்கு அம்மாவும் காரணம். பூனையால் வரும் ஒவ்வாமைக்கு முடி நேரடிக் காரணமல்ல. அதன் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் புரதம் காய்ந்து நுண்துகளாக மிதக்கிறது. கிண்ணத்தைக் கொட்டும்போது அது திரும்ப முகத்துக்கு வரும். பையை அப்படியே கட்டி எறியலாம். வீட்டில் தொய்வுக்காரர் இருந்தால் பில்டரில் ஹெப்பா எச்13 (HEPA H13) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்தத் தரம் 99.95 சதவீதத் துகளைப் பிடிக்கும். 'ஹெப்பா மாதிரி' என்று மட்டும் இருந்தால் அந்தத் தரத்துக்கு உறுதி இல்லை.

பை எங்கே கிடைக்கும்?

"அண்ணை, இதுக்குப் பை தனியா இருக்கோ?"

"மிசினோட ஒண்டு வரும் பிள்ளை. பிறகு கொழும்பிலதான் எடுக்கவேணும்."

இப்படி மறுமொழி வந்தால் வெளியே வந்துவிடுங்கள். பை, பில்டர், ஹோஸ், மோட்டாருக்குள் தேய்ந்துபோகும் காபன் பிரஷ், இந்த நான்கும் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கையில் எடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். வாங்கும் அன்றே ஒரு கட்டுப் பையும் வாங்கிவிடுங்கள்.

பற்றரியில் ஓடுவதை முதன்மை மிசினாக எடுக்கவேண்டாம். லிதியம் பற்றரிக்கு எங்கள் வெயில் ஆகாது, சில நூறு சார்ச்சுக்குப் பிறகு பலம் இறங்கிவிடும்.

பின்னர் சேர்த்தது

இதை வாசித்த ஒருவர் கனடாவிலிருந்து தம்பி கொண்டுவந்த வக்கூமைச் செருகியவுடன் புகை வந்ததாக எழுதியிருந்தார். இதை முதலே சொல்லியிருக்கவேண்டும். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. வோல்டைக் குறைக்கும் பெட்டி போடலாம், ஆனால் இவ்வளவு கறண்ட் இழுக்கும் மிசினுக்குப் பாரமான, விலைகூடிய பெட்டி வேண்டும். லண்டன் மிசின் என்றால் வோல்ட்டும் சரி, சதுர மூன்று முள் பிளக்கும் சரி. அங்கே பல வீடுகளில் இருக்கும் சிரித்த முகம் வரைந்த ஹென்றி, பை போடும் டிரம் மிசின்தான். யாராவது வருவதென்றால் அதைக் கேளுங்கள், பைகளையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆனால் வழமையான ஹென்றி உலர் தூசிக்கு மட்டும்.

இன்னொருவர் மாரியில் நாயின் கால் சேற்றை உறிஞ்சலாமா என்று கேட்டிருந்தார். ஈரமும் உறிஞ்சும் டிரம்மில் உறிஞ்சலாம். அதற்கு முதல் பையைக் கழற்றிவிட்டு, கூட வரும் ஸ்பொஞ்ச் உறையை மாட்டுங்கள். முடிந்ததும் டிரம்மைக் கழுவி, மூடியைத் திறந்தே வையுங்கள். மூடி வைத்தால் மறுநாள் நாறும்.